சேலத்தில் சிறிய மின்சாரக் காரைக் கொடுத்துவிட்டுப் பெரிய கிராஸ்ஓவர் எடுப்பவர்களுக்கு: எதை முதலில் செய்வது

டியாகோ இ.வி., காமெட் இ.வி. மாதிரி சிறிய மின்சாரக் காரில் பழகிவிட்டு, நெக்ஸான், விண்ட்சர், கிரெட்டா எலக்ட்ரிக், பி.இ. 6 என்று கிராஸ்ஓவர் எனப்படும் உயரமான பெரிய வண்டிக்கு மாற நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. முதல்முறை கார் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். ஷோரூம், டெஸ்ட் டிரைவ், புக்கிங், அப்புறம் பழைய வண்டிக்கு விலை கேட்பது, கடைசியாக வீட்டில் சார்ஜர். இதை அப்படியே தலைகீழாக்கிச் செய்யுங்கள். வீட்டு மின் இணைப்பை மாற்ற வாரக்கணக்கில் ஆகலாம். புது வண்டி ஷோரூமில் வந்து நிற்கும்போது பழையதை அவசரமாகத் தள்ளினால், வாங்குகிறவர் சொல்வதுதான் விலை.

எவ்வளவு பேட்டரி வேண்டும்?

கம்பெனிகள் கிலோவாட் அவர் என்று சொல்வதும் நம் கரண்ட் பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றுதான். இந்தக் கட்டுரை முழுக்க யூனிட் என்றே சொல்கிறோம். டியாகோவின் பெரிய பேட்டரி 24 யூனிட், காமெட் 17.3, நெக்ஸான் 30 அல்லது 45, கிரெட்டா எலக்ட்ரிக் 42 அல்லது 51.4, விண்ட்சர் 38 அல்லது 52.9, பி.இ. 6 வண்டியில் 59 அல்லது 79.

பேட்டரி இரண்டு மடங்கு என்றால் தூரமும் இரண்டு மடங்கு என்று கணக்குப் போடாதீர்கள். ஊருக்குள் சிறிய கார் 100 கிலோமீட்டருக்கு 10, 11 யூனிட் எடுக்கும். கிராஸ்ஓவருக்கு 14 முதல் 16 ஆகும். நெடுஞ்சாலையில் 100 வேகத்தில் ஏ.சி. போட்டு ஓடினால் 17, 18 வரை போகும். உயரமும் அகலமும் கூடிய வண்டி காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதுதான் காரணம். 45 யூனிட் பேட்டரியை 100 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரை ஓட்டினால் கையில் கிடைப்பது 40 யூனிட். நெடுஞ்சாலைக் கணக்கில் அது 220 முதல் 235 கிலோமீட்டர். விளம்பரத்தில் வரும் 489 என்ற எண் ஆய்வுச் சோதனையில் வந்தது. அதை வைத்துப் பயணத்தைத் திட்டமிட முடியாது.

சேலத்திலிருந்து கோவை சுமார் 165 கிலோமீட்டர். 45 யூனிட் வண்டி நடுவில் எங்கும் நிற்காமல் போய்ச் சேரும். பெங்களூரு சுமார் 200. ஆனால் நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்க, பெங்களூரு 900 மீட்டருக்கு மேல். தொப்பூர் கணவாய் ஏறி, கிருஷ்ணகிரி தாண்டி மேலே போகும் அந்த ஏற்றத்துக்கு மட்டும் நாலு யூனிட் கூடுதலாகச் செலவாகும். திரும்பி வரும்போது அதில் ஒரு பகுதி கிடைத்துவிடும். அதனால் போகும்போது ஒரு கணக்கு, வரும்போது ஒரு கணக்கு. சென்னை 340 கிலோமீட்டருக்கு மேல். 79 யூனிட் பேட்டரி இல்லாத எந்த வண்டியிலும் வழியில் ஒரு சார்ஜ் உறுதி.

மாதம் ஒருமுறைகூட 200 கிலோமீட்டர் தாண்டாத குடும்பம், இடவசதிக்காக மட்டும் மாறுகிறது என்றால், 38 முதல் 45 யூனிட் போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் தினமும் சும்மா சுமந்து திரியும் எடைதான். சென்னை, மதுரை என்று அடிக்கடி ஓடுபவர்களுக்கு 50-க்கு மேல் எடுப்பது நியாயம். அவர்கள் பேட்டரி அளவோடு டி.சி. ஃபாஸ்ட் சார்ஜிங் (பொதுச் சார்ஜிங் நிலையங்களில் கிடைக்கும் வேகச் சார்ஜ்) வேகத்தையும் பார்க்க வேண்டும். காமெட்டில் டி.சி. சார்ஜிங் கிடையாது. டியாகோ 10-லிருந்து 80 சதவீதம் ஏற ஒரு மணி நேரம் ஆகும். அதே ஒரு மணி நேரத்தில் கிரெட்டாவில் ஏறும் யூனிட் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சார்ஜிங் நிலையத்தில் 60 கிலோவாட் என்று பலகை இருந்தாலும், அதன் இரண்டு துப்பாக்கியிலும் (காரில் செருகும் சார்ஜிங் கைப்பிடி) வண்டி மாட்டியிருந்தால் பல இடங்களில் ஆளுக்கு 30 என்று பிரிந்துவிடும். சார்ஜ் மெதுவாக ஏறுகிறது என்று வண்டியைக் குறை சொல்வதற்கு முன் பக்கத்துத் துப்பாக்கியைப் பாருங்கள்.

ஏற்காட்டுக் கணக்கு

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் சேலம்–ஏற்காடு பாதை, மின்சாரக் காரின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே பயணத்தில் காட்டிவிடும். ஊரிலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,200 மீட்டர். நாலு பேருடன் டியாகோ 1,450 கிலோ வரும் என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 4.7 யூனிட். டயர் உராய்வு, மோட்டார் இழப்பு, ஏ.சி. எல்லாம் சேர்த்தால் 8 யூனிட் அளவில் போகும். பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏற்றிய கிராஸ்ஓவர் 1,900 கிலோ. அதற்கு 10 யூனிட் ஆகும். 45 யூனிட் பேட்டரியில் அது 22 சதவீதம்தான்.

ஏற்காடு மட்டுமே உங்கள் தூரப் பயணம் என்றால் பழைய வண்டியே போதும். பெரிய வண்டியின் பயன் ஆளும் சாமானும் தாராளமாக ஏறுவதில்தான். இன்னொன்று, மழைக்கு மலைப்பாதை அடைபட்டால் கிடைக்கும் கையிருப்பு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட நாளில் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டி வந்தால், மீதம் 15 சதவீதத்தில் இருக்கும் சிறிய கார் நெஞ்சை அடைக்க வைக்கும்.

இறங்கும்போது ரீஜென் பிரேக்கிங்கில் (வேகம் குறையும்போது மோட்டாரே கரண்ட் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவது) கிராஸ்ஓவருக்குச் சுமார் 3 யூனிட் திரும்பக் கிடைக்கும். ஏற்காட்டில் 40 சதவீதத்தில் கிளம்பினால் அடிவாரத்தில் 45, 46 காட்டும். இதில் புதியவர்கள் விடும் தவறு ஒன்று உண்டு. தங்கும் விடுதியில் இரவெல்லாம் போட்டு 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்குவார்கள். நிரம்பிய பேட்டரியால் ரீஜென் கரண்டை வாங்கிக்கொள்ள முடியாது. அந்த நேரத்தில் ரீஜென் குறைந்துவிடும் அல்லது வேலையே செய்யாது. முழுச் சுமையும் பிரேக் பேடுக்குப் போகும். சிறிய காரை விட 400, 500 கிலோ கூடிய வண்டியில் இது விளையாட்டல்ல. பத்தாவது வளைவுக்குள் பிரேக் சூடேறி வாடை வரும், மிதி ஆழமாகப் போகும். மேலே 85, 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்துங்கள். ரீஜெனை அதிகபட்ச நிலையில் வைத்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து இறங்குங்கள்.

விடுதியில் சார்ஜ் போட 16 ஆம்பியர் சாக்கெட் போதும். பத்து மணி நேரத்தில் 28 யூனிட் அளவுக்குப் பேட்டரியில் ஏறிவிடும். எக்ஸ்டென்ஷன் வயர் பயன்படுத்தினால் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், முழுக்கப் பிரித்துப் போட்ட நிலையில். சுருட்டி வைத்த வயரில் மணிக்கணக்கில் 14 ஆம்பியர் ஓடினால் மேல்தோல் உருகும்.

வீட்டு மின் இணைப்பு: இதை எல்லாவற்றுக்கும் முன்னால் முடியுங்கள்

சிறிய காருக்கு 3.3 கிலோவாட் போர்ட்டபிள் சார்ஜர் போதுமானதாக இருந்தது. 45 யூனிட் வண்டிக்கு அதில் 10-லிருந்து 100 வரை ஏற்ற 13, 14 மணி நேரம் ஆகும். தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அதுவும் போதும். நீங்கள் தினமும் நிரப்புவது 7, 8 யூனிட்தான். ராத்திரி இரண்டரை மணி நேர வேலை. இதை யாரும் ஷோரூமில் சொல்வதில்லை. சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் பெட்டி வேண்டுமா என்பதை முதல் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துக்கூட முடிவு செய்யலாம்.

வேண்டும் என்றால் இதோ விவரம். 7.2 கிலோவாட் என்பது ஒரே முனையில் (ஃபேஸ்) 32 ஆம்பியர். சாதாரண ஒருமுனை வீட்டு இணைப்பு அதைத் தாங்காது. மின்வாரியத்தில் கூடுதல் மின்பளுவுக்கும் மும்முனை இணைப்புக்கும் விண்ணப்பியுங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர், மீட்டர், மெயின் போர்டு மூன்றும் மாறக்கூடும். மும்முனை வந்த பிறகும் சார்ஜர் ஒரே முனையில்தான் இழுக்கும் என்பதால், ஏ.சி.யும் போர் மோட்டாரும் இல்லாத முனையில் அதை மாட்டச் சொல்லுங்கள். 11 கிலோவாட் சார்ஜர் ஏற்கும் வண்டிகளுக்கு மூன்று முனையிலும் 16 ஆம்பியர் வீதம் சமமாகப் பிரியும்.

மெயின் போர்டிலிருந்து சார்ஜருக்குத் தனி லைன். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தூரம் 25 மீட்டர் தாண்டினால் 10. கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் நாற்பது ஆம்பியர் எம்.சி.பி., அதோடு கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த ஆர்.சி.சி.பி. ‘டைப் ஏ’ ஆக இருக்க வேண்டும். கடையில் சும்மா கேட்டால் ‘டைப் ஏ.சி.’ கொடுத்துவிடுவார்கள். கார் சார்ஜரில் வரக்கூடிய கசிவை அது சரியாகக் கண்டுபிடிக்காது. வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றும் போடுங்கள். மும்முனை இணைப்பில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை வரலாம். காரின் சார்ஜர் போனால் செலவு பெரிது.

சேலத்தில் சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது எர்த். கீழே பாறை, மேலே காய்ந்த மண் என்கிற நிலத்தில் பழைய எர்த் குழி கோடையில் வேலை செய்யாது. சிறிய கார் அதே எர்த்தில் எப்படியோ ஏறிக்கொண்டிருந்திருக்கலாம். புது வண்டி மறுத்துவிடும். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், அதுவும் சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது. கூடினால் பெண்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண் தூள்) போட்ட புதுக் குழி தோண்டுங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

பில் பக்கமும் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீட்டருக்குச் சிறிய கார் சார்ஜிங் இழப்போடு 125 யூனிட் எடுத்தால், பெரியது 170 எடுக்கும். இரண்டு மாதப் பில்லில் 90 யூனிட் கூடுதல். நம் வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டியவுடன் கீழ் அடுக்குகளின் விலையும் சேர்த்து மாறிவிடும். இப்போது 450-ல் நிற்கும் வீடு இந்த 90-ல் கோட்டைத் தாண்டும்.

நிறுத்த இடம், தெரு

டேப் எடுத்து அளந்துவிடுங்கள். டியாகோவின் அகலம் 1,677 மில்லிமீட்டர், காமெட் 1,505. நெக்ஸான் 1,800-ஐத் தாண்டும், விண்ட்சர் 1,850, பி.இ. 6 வண்டி 1,907. கண்ணாடிகள் தனி. செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, குகைப் பக்கத்துச் சந்துகளில் எதிரே ஒரு மினிவேன் வந்தால் இந்த 20 சென்டிமீட்டர்தான் பேச்சு. போர்டிகோவில் வண்டியின் இரு பக்கமும் கதவு திறக்க 60 சென்டிமீட்டராவது வேண்டும். புக்கிங்குக்கு முன் டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவரச் சொல்லி உள்ளே விட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஷோரூம்கள் மறுப்பதில்லை.

பழைய வண்டியின் மதிப்பு

பழைய மின்சாரக் காரை வாங்குகிறவர் பயப்படுவது பேட்டரிக்குத்தான். அந்தப் பயத்தைக் காகிதத்தால் போக்கினால் விலை நிற்கும். அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை கேட்டு வாங்குங்கள். நீங்களே சோதிக்கவும் வழி இருக்கிறது. முதலில் ஒருமுறை 100 சதவீதம் ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் சதவீதக் காட்டி தவறாக இருக்கும். பிறகு 20 சதவீதம் வரை ஓட்டி, யூனிட் காட்டும் சாக்கெட் மீட்டர் வழியாக மறுபடி 100 வரை ஏற்றுங்கள். 24 யூனிட் பேட்டரியில் 80 சதவீதம் என்பது 19.2. சார்ஜிங் இழப்போடு மீட்டரில் 21 முதல் 22.5 காட்டினால் பேட்டரி நல்ல நிலை. 18-தான் காட்டுகிறது என்றால் கொள்ளளவு ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. டியாகோவுக்குப் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். மீதம் எவ்வளவு என்பதை விற்கும் விளம்பரத்திலேயே எழுதுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஷோரூம், பழைய கார் வாங்கும் நிறுவனம், நேரடியாக வாங்கும் தனிநபர் என்று மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரி பழைய மின்சாரக் காரை விற்கும்போது தன் லாபத்தின் மேல் 18 சதவீதம் கட்ட வேண்டும். தனிநபர் தனிநபருக்கு விற்றால் அது கிடையாது. தனிநபர் கூடுதல் விலை கொடுக்க இது ஒரு காரணம். ஷோரூமில் பேசும்போது புது வண்டியின் தள்ளுபடியை முதலில் எழுத்தில் வாங்கிவிட்டு, அப்புறம் பழைய வண்டியைப் பற்றி வாயைத் திறவுங்கள். இரண்டையும் கலந்து பேசினால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் எடுத்துவிடுவார்கள்.

கடன் மீதம் இருந்தால் அடைத்து, வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) ஃபார்ம் 35-ம் வாங்கி ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்குங்கள். பேட்டரியை வாடகைத் திட்டத்தில் எடுத்த வண்டிக்கு, காருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என இரண்டு கணக்கு இருக்கும். இரண்டையும் முடிக்க வேண்டும். 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு வருமான வரியில் 80இஇபி பிரிவின் வட்டிக் கழிவு பெறுபவர்கள், அந்தக் கடனை அடைத்தால் சலுகையும் நின்றுவிடும், புதுக் கடனுக்கு அது கிடைக்காது என்பதைக் கணக்கில் சேருங்கள்.

சுவரில் மாட்டிய சார்ஜர் பெட்டியை வண்டியோடு கொடுத்துவிடாதீர்கள். டைப் 2 பிளக் எல்லாக் கிராஸ்ஓவருக்கும் பொருந்தும். போர்ட்டபிள் சார்ஜர் மட்டும் பழைய வண்டியோடு போகட்டும், அது இல்லாமல் வாங்குகிறவர் விலை குறைப்பார்.

புது வண்டிக்குப் பணம் கட்டும் முன்

மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். தமிழ்நாடு அரசு சாலை வரியில் 100 சதவீத விலக்கு கொடுத்து அவ்வப்போது நீட்டித்து வருகிறது. நீங்கள் பதிவு செய்யும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது செலவல்ல, வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸில் எதிர்பாராத ஏற்றம் ஒன்று வரும். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் மோட்டாரின் கிலோவாட்டைப் பொறுத்தது. 2022 ஜூன் 1 அறிவிப்பின்படி 30 முதல் 65 கிலோவாட் வரை ஆண்டுக்கு 2,904 ரூபாய், 65-க்கு மேல் 6,712. புது வண்டிக்கு மூன்று வருடம் சேர்த்துக் கட்டும்போது 9,044 என்பது 20,907 ஆகும், ஜி.எஸ்.டி. தனி. டியாகோ முதல் அடுக்கு. நெக்ஸான், விண்ட்சர், கிரெட்டா எல்லாம் அடுத்த அடுக்கு. இதை ஈடுகட்ட, பழைய வண்டியில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) கைவிடாதீர்கள். அது வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். விற்ற ஆதாரம் காட்டி நிறுவனத்திடம் கடிதம் வாங்கினால் மூன்று வருடத்துக்குள் புது வண்டியில் 50 சதவீதம் வரை பயன்படுத்தலாம். பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் ஈடு தரும் கூடுதல் காப்பு கட்டாயம் எடுங்கள். திருமணிமுத்தாறு ஓரத்துத் தாழ்வான தெருக்களில் இருப்பவர்களுக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை.

டெலிவரி எடுக்கும் முன் ஷோரூமிலேயே வீட்டில் போடுவது போன்ற ஏ.சி. சார்ஜர், வேகமான டி.சி. சார்ஜர் இரண்டிலும் மாட்டி ஏறுகிறதா என்று பாருங்கள். ஃபார்ம் 21 விற்பனைச் சான்றிதழில் தயாரிப்பு மாதம் இருக்கும். டயரின் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. பல மாதம் யார்டில் நின்ற வண்டி என்றால் 12 வோல்ட் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெரிய பேட்டரி நிரம்பியிருந்தும் வண்டி உயிர் பெறாமல் போவது பெரும்பாலும் இந்தச் சின்ன பேட்டரியால்தான். ‘வாழ்நாள் பேட்டரி வாரண்டி’ சில நிறுவனங்களில் முதல் உரிமையாளருக்கு மட்டும். மறுவிற்பனையின்போது அது எத்தனை ஆண்டாகச் சுருங்கும் என்பதை வாரண்டிப் புத்தகத்திலேயே படியுங்கள்.

கைமாற்றும் நாள்

கார் ஆப்பில் உங்கள் கணக்கை நீக்குங்கள், இல்லையென்றால் வண்டி எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தொடர்ந்து தெரியும், பூட்டைத் திறக்கும் வசதியும் உங்கள் போனில் இருக்கும். திரையில் சேமித்த வீட்டு முகவரி, போன் தொடர்புகளை அழித்துவிடுங்கள். ஃபாஸ்டேக்கைக் கிழித்துவிட்டு வங்கியில் மூடுங்கள். அடுத்தவர் வைகுந்தம் சுங்கச்சாவடியைக் கடக்கும் பணம் உங்கள் கணக்கில் போக வேண்டாம்.

தனிநபருக்கு விற்றால் ஃபார்ம் 29 (விற்றதற்கான அறிவிப்பு) இரண்டு பிரதி, ஃபார்ம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்), இன்சூரன்ஸ் நகல், அடையாளச் சான்றுகள். வேறு ஆர்.டி.ஓ. எல்லைக்குப் போகிறது என்றால் ஃபார்ம் 28-ம் (தடையில்லாச் சான்று) கேட்கலாம். அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரிக்குக் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி ஃபார்ம் 29சி மூலம் அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஒப்படைப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வண்டியின் பொறுப்பு அவருடையது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால், பெயர் மாறும்வரை அபராதமும் விபத்து வழக்கும் உங்கள் வாசலுக்குத்தான் வரும். ஒப்படைத்த தேதி, நேரம், மீட்டர் அளவு மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். மாறும்வரை பழைய வண்டியின் காப்பீட்டை ரத்து செய்யாதீர்கள்.